சீட்டுக்கு நம்பர் உண்டு, பரணுக்கு இல்லை: விமானத்தில் ஏறும் வரிசை பற்றி ஓர் எளிய விளக்கம்

போர்டிங் பாஸில் சீட் நம்பர் தெளிவாக அச்சாகியிருக்கிறது. அந்த சீட்டை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது. முதலில் ஏறினாலும் கடைசியில் ஏறினாலும் விமானம் ஒரே நேரத்தில்தான் கிளம்பும். அப்படியிருக்க, அழைப்பு வருவதற்கு அரை மணி நேரம் முன்பே கேட் முன்னால் இத்தனை பேர் ஏன் கால்கடுக்க நிற்கிறார்கள்?

முதன்முறை விமானம் ஏறுகிறவருக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் நிற்பவர்களில் பலர் விவரம் தெரிந்தவர்கள். சீட்டுக்கு மேலே மூடி போட்ட ஒரு சாமான் அறை இருக்கிறதே, வீட்டுப் பரண் மாதிரி, அதில் இடம் பிடிக்கத்தான் நிற்கிறார்கள். அந்தப் பரணுக்கு நம்பர் கிடையாது, முன்பதிவும் கிடையாது. முதலில் வந்தவர் பெட்டி உள்ளே போகும். கடைசியில் வந்தவர் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போகும்.

ஏறும் வரிசை, சீட் தேர்வு, கைப்பெட்டி அளவு ஆகியவை மூன்று தனி விஷயங்களாகத் தெரியும். கொஞ்சம் கிளறிப் பார்த்தால் மூன்றும் இந்தப் பரணில் போய்தான் முட்டுகின்றன.

பரண் ஏன் போதவில்லை

போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் ஆறு சீட். முப்பது வரிசை என்றால் 180 பேர். பழைய 737-களில் ஏறக்குறைய இரண்டு வரிசைக்கு ஒரு பரண் அறை வரும். அதன் கீழே ஒரு பக்கத்தில் ஆறு பேர் உட்காருவார்கள். அறைக்குள் சக்கரப் பெட்டிகளைப் படுக்க வைத்தால் நான்குதான் கொள்ளும். கணக்கு அங்கேயே இடிக்கிறது. ஆறு பேரும் ஆளுக்கொரு பெட்டி கொண்டுவந்தால் இரண்டு பெட்டிக்கு இடமில்லை. போதாக்குறைக்கு சில அறைகளை ஆக்ஸிஜன் சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, மெகாஃபோன், பணியாளர்களின் பைகள் எல்லாம் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் முன்கோடியிலும் பின்கோடியிலும்தான் இவை இருக்கும்.

இந்தத் தட்டுப்பாடு விமானம் பிறந்த நாளிலிருந்து வந்ததல்ல. நிமிர்த்தி இழுத்துக்கொண்டு போகும் இரண்டு சக்கரப் பெட்டியை 1987-ல் வடிவமைத்தவர் ராபர்ட் பிளாத். நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானி. தன் சக ஊழியர்களுக்காகச் செய்தார். அவர்கள் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்த பயணிகளுக்கும் ஆசை வந்துவிட்டது. பெட்டியைத் தூக்க வேண்டிய கஷ்டம் போனதும், அதுவரை தோள்பையோடு வந்தவர்கள்கூடக் கெட்டியான பெட்டியோடு வர ஆரம்பித்தார்கள்.

அடுத்த உதை 2008-ல் விழுந்தது. எரிபொருள் விலை உச்சத்தில் இருந்த அந்த வருடம், செக்-இன் செய்யும் முதல் பெட்டிக்கே 15 டாலர் கட்டணம் என்றது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். மற்ற பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. கீழே போட்டால் காசு, மேலே வைத்தால் இலவசம் என்றானால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. செக்-இன் பெட்டிக்குக் காசு வாங்குவது அதன்பின் வழக்கமாகிவிட்டது. பரண் நெரிசலுக்குப் பயணிகளைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நெரிசலை உண்டாக்கியது கட்டண அட்டவணைதான்.

விமானம் செய்பவர்கள் சும்மா இருக்கவில்லை. போயிங்கின் புதிய வகைப் பரண் அறை 2015-ல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் முதலில் வந்தது. நான்கு பெட்டி படுத்திருந்த நீளத்தில் ஆறு பெட்டிகளைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்தலாம். ஏர்பஸ்ஸும் ஏ320 வகைக்கு இதே பாணியில் பெரிய அறைகளைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட விமானத்தில் ஏறினால் பாதிப் பதற்றம் தேவையே இல்லை. ஆனால் பழைய விமானங்கள் ஒரே நாளில் மறைந்துவிடாது. இன்று எதில் ஏறப்போகிறோம் என்பது பெரும்பாலும் உள்ளே போனபிறகுதான் தெரியும்.

பெட்டியின் அளவு

எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவு ஒன்று கிடையாது. அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் 56 x 36 x 23 சென்டிமீட்டர், அதாவது 22 x 14 x 9 அங்குலம். ஐரோப்பாவில் 55 x 40 x 20 பரவலாகப் புழங்குகிறது. ஆசிய, வளைகுடா நிறுவனங்கள் பலவற்றில் அளவோடு எடையும் பார்ப்பார்கள். எகானமியில் 7 கிலோ என்பது அடிக்கடி காணும் வரம்பு. நல்ல கெட்டியான சக்கரப் பெட்டியே காலியாக இரண்டு, மூன்று கிலோ இருக்கும் என்பதால் 7 கிலோ என்பது கேட்பதைவிட ரொம்பக் குறைவு.

உலகம் முழுக்க ஒரே அளவு என்று கொண்டுவர சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 2015-ல் முயன்றது. 55 x 35 x 20 என்று ஒரு பரிந்துரை. இருக்கிற பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு சின்னதாகப் புதிது வாங்க வைக்கிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியதும், சில நாட்களிலேயே அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். ஆகவே இன்றைக்கும் டிக்கெட்டில் இருக்கும் நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து பார்ப்பது ஒன்றே வழி. இரண்டு நிறுவனங்களில் மாறிப் போவதாக இருந்தால், சின்ன அளவு எதுவோ அதுதான் உங்கள் அளவு.

அளக்கும்போது சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து அளக்க வேண்டும். கடைகளில் எழுதியிருக்கும் அளவு பல சமயம் பெட்டியின் உடம்பு மட்டும். கேட்டில் வைத்திருக்கும் இரும்புக் கூண்டுக்குள் பெட்டியை இறக்கிக் காட்டச் சொல்லும்போது, சக்கரம் மட்டும் இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். துணிப்பை என்றால் அமுக்கிவிடலாம். கெட்டிப் பெட்டியை என்ன செய்ய முடியும்?

பின்னாலிருந்து ஏற்றினால் வேகமா?

ஏறும் வரிசையைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே யோசனைதான் வரும்: கடைசி வரிசைக்காரர்களை முதலில் அனுப்பு, அப்படியே முன்னோக்கி வா. யாரும் யாரையும் தாண்ட வேண்டியிருக்காது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் இது மிக மெதுவான முறைகளில் ஒன்று.

எப்படி என்று கிட்டத்தில் நின்று பார்ப்போம். ஒற்றை நடைபாதை விமானத்தில் அந்தப் பாதை சுமார் 20 அங்குலம்தான். இடுப்புக்குக் கீழே இன்னும் குறுகல். ஒருவர் நின்று பெட்டியைத் தூக்கினால் பின்னால் இருப்பவருக்கு வழி கிடையாது. இப்போது 25 முதல் 30 வரையிலான வரிசைக்காரர்கள் முப்பத்தாறு பேரையும் ஒன்றாக உள்ளே விடுகிறோம். முதலில் போகிறவர் 26-ஆம் வரிசையில் நின்று பெட்டியைத் தூக்குகிறார். 29-க்குப் போக வேண்டியவர் அவர் பின்னால் காத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் 27, 30, 25. முப்பத்தாறு பேருக்கும் ஆறு வரிசை நீளத்துக்குள்தான் வேலை. அந்த நீளத்தில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேர்தான் கையைத் தூக்க முடியும். மீதிப் பேர் நடைபாதை நெடுக நிற்கிறார்கள், அவர்கள் நிற்கிற இடத்தில் எல்லாப் பரணும் காலியாக இருக்கிறது. 1 முதல் 24 வரையிலான நீளம் முழுக்க வீண்.

இதற்கு மேல் இன்னொரு தடை. நடைபாதையை ஒட்டிய ஓர சீட்காரர் பெட்டியை வைத்து, பெல்ட்டைப் போட்டு நிம்மதியாக உட்கார்ந்த பிறகு, ஜன்னல்காரர் வந்து நிற்பார். ஓரத்தில் இருப்பவரும் நடுவில் இருப்பவரும் எழுந்து பாதைக்கு வர வேண்டும், அவர் உள்ளே போன பிறகு திரும்ப உட்கார வேண்டும். அது முடியும்வரை மொத்த வரிசையும் நிற்கும்.

ஜேசன் ஸ்டெஃபன் ஒரு வானியற்பியலாளர். நட்சத்திரங்களை விட்டுவிட்டு இந்தச் சிக்கலைக் கணினியில் போட்டுப் பார்த்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருடைய முறைப்படி கடைசி வரிசை ஜன்னல்காரர் முதலில் போவார். அடுத்து ஒரு வரிசை விட்டு அதே பக்க ஜன்னல்காரர். இப்படியே ஒன்று விட்டு ஒன்றாக முன்னோக்கி. பிறகு எதிர்ப்பக்க ஜன்னல்கள், பிறகு விட்டுப்போன வரிசைகள், அப்புறம் நடு சீட், கடைசியில் ஓர சீட். இடையில் ஒரு வரிசை காலியாக இருப்பதால் ஒவ்வொருவருக்கும் கையை வீசிப் பெட்டியைத் தூக்க இடம் கிடைக்கிறது. விமானத்தின் முழு நீளத்திலும் ஒரே நேரத்தில் பலர் பெட்டி வைக்கிறார்கள்.

பிறகு இதை ஜான் ஹாட்ச்கிஸ் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளருடன் சேர்ந்து ஆட்களை வைத்தே சோதித்தார். 12 வரிசை கொண்ட மாதிரி விமான உடல், 72 பேர், கையில் பெட்டிகள். பகுதி பகுதியாக ஏற்றும் முறைக்கு 6 நிமிடம் 54 விநாடி. பின்னிருந்து முன் வரிசையாக ஏற்றியதற்கு 6 நிமிடம் 11 விநாடி. எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தவர் வந்தபடி ஏறியதற்கு 4 நிமிடம் 44 விநாடி! முதலில் ஜன்னல், பிறகு நடு, பிறகு ஓரம் என்று ஏற்றினால் 4 நிமிடம் 13. ஸ்டெஃபன் முறைக்கு 3 நிமிடம் 36.

இதில் எனக்குப் பிடித்தது அந்த 4:44 தான். வரிசை எண் சொல்லிக் கூப்பிட்டு மைக்கில் தொண்டை வறளக் கத்துவதைவிட, கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பது வேகமாக இருக்கிறது. காரணம் மேலே சொன்னதுதான். கலந்து ஏறும்போது ஒருவர் 4-ல் நிற்பார், இன்னொருவர் 17-ல், வேறொருவர் 28-ல். வேலை தானாகப் பரவிவிடுகிறது.

யார் முதலில் போக வேண்டும் என்பதிலும் நம் உள்ளுணர்வு சறுக்குகிறது. சுறுசுறுப்பானவர்களை முதலில் அனுப்பினால் சீக்கிரம் முடியும் என்றுதானே தோன்றும்? கணித அறிஞர் எய்டன் பாக்மாட்டும் சக ஆய்வாளர்களும் சார்பியல் கோட்பாட்டில் பயன்படும் வடிவியலைக் கொண்டு இதைக் கணக்கிட்டார்கள். 2019-ல் வந்த அவர்கள் முடிவு, மெதுவானவர்களை முதலில் ஏற்றுவதே மேல் என்றது. மெதுவானவர்கள் சேர்ந்து ஏறினால் ஒருவர் பெட்டியோடு போராடும் அதே நேரத்தில் இன்னொருவரும் வேறு வரிசையில் போராடுவார். தாமதங்கள் எல்லாம் ஒரே நேரத்துக்குள் அடங்கிவிடும். அவர்களை இடையிடையே கலந்துவிட்டால் ஒவ்வொரு தாமதமும் தனித்தனியாக வரிசையை நிறுத்தும். குழந்தைகளோடு வருபவர்களையும் சக்கர நாற்காலியில் வருபவர்களையும் முதலில் ஏற்றும் பழக்கம் மரியாதைக்காக வந்தது. கணக்கும் அதன் பக்கம் நிற்பதில் எனக்குச் சந்தோஷம்.

அப்படியென்றால் ஏன் இப்படி ஏற்றுகிறார்கள்?

ஸ்டெஃபன் முறைக்கு 180 பேரைப் பெயர் சொல்லி வரிசையில் நிறுத்த வேண்டும். கணவன் ஓரத்தில், மனைவி நடுவில், குழந்தை ஜன்னலில் என்றால் மூன்று பேரும் மூன்று சுற்றில் ஏற வேண்டும். நடக்கிற காரியமா? அதனால் நிறுவனங்கள் இதன் எளிய வடிவங்களைத்தான் தொட்டுப் பார்க்கின்றன. யுனைடெட் ஏர்லைன்ஸ் 2023 அக்டோபரில் எகானமி பயணிகளுக்கு ஜன்னல், நடு, ஓரம் என்ற வரிசையைத் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டு நிமிடம் வரை மிச்சம் என்றது. ஒரே பதிவில் வரும் குடும்பம் சேர்ந்தே ஏறலாம். அமெரிக்கா வெஸ்ட் நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, பின்புற ஜன்னல்களில் தொடங்கி முன்புற ஓரங்களில் முடியும் ஒரு கலப்பு முறையை நடைமுறைப்படுத்தியது.

இரண்டு நிமிடத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். தரையில் நிற்கும் விமானம் சம்பாதிப்பதில்லை. 1972-ல் சவுத்வெஸ்ட் நிறுவனம் பணமுடையால் தன்னிடம் இருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்றது. நான்கின் கால அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்டியாக வேண்டும். வந்து நின்ற விமானத்தைப் பத்தே நிமிடத்தில் திருப்பி அனுப்பிச் சமாளித்தார்கள். சீட் நம்பரே கொடுக்காமல், ஏறியவர் பிடித்த இடத்தில் உட்காரலாம் என்று விட்டதும் அந்த வேகத்துக்குக் கைகொடுத்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே ஓடிய நிறுவனம் 2026 ஜனவரி 27 முதல் சீட் நம்பருக்கு மாறிவிட்டது. கூடுதல் கால் இடம் உள்ள சீட்டை அதிக விலைக்கு விற்க வேண்டும் என்றால் அந்த சீட்டுக்கு ஒரு நம்பர் இருந்தாக வேண்டுமே.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. வேகம் முக்கியம்தான், ஆனால் முன்னால் ஏறும் உரிமை விற்கக்கூடிய சரக்கு. பிசினஸ் கிளாஸ், அடிக்கடி பறப்பவர்கள், நிறுவனத்தின் கடன் அட்டை வைத்திருப்பவர்கள், கூடுதல் காசு கட்டியவர்கள் என்று குழுக்கள் நீண்டுகொண்டே போவதற்கு அதுதான் காரணம். அயர்லாந்தின் மலிவு விலை நிறுவனமான ரயன்ஏர் இதை ஒளிவுமறைவில்லாமல் செய்கிறது. அடிப்படை டிக்கெட்டில் சீட்டுக்கு அடியில் போகும் சிறு பை மட்டும். முன்னுரிமை போர்டிங் வாங்கினால் 10 கிலோ வரை ஒரு பெட்டி மேலே வைக்கலாம். பரணையும் வரிசையையும் சேர்த்து ஒரே பொட்டலமாக விற்கிறார்கள். காசு கட்டி முதலில் ஏறுகிறவர்களில் பலர் முன்வரிசைக்காரர்கள் என்பதால், அவர்கள் பெட்டி வைக்கும்வரை பின்னால் போக வேண்டியவர்கள் காத்திருக்க வேண்டும். வேகம் கெடும் என்று தெரிந்தே செய்கிறார்கள். அந்த இழப்பைவிட வரவு அதிகம்.

போர்டிங் பாஸில் குழு எண் அல்லது எழுத்து இருக்கும். எண் சின்னதாக இருந்தால் பரணில் இடம் நிச்சயம். கடைசிக் குழு என்றால், விமானம் நிரம்பியிருக்கும் பட்சத்தில், பெட்டி கீழே போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவுக்கு முன்பே போய் நைசாக நுழைந்துவிடலாம் என்று நினைத்தால், அதற்கும் கருவி வந்துவிட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2024 முதல் பல விமான நிலையங்களில், முறை வருவதற்கு முன் பாஸை வைத்தால் எல்லோர் முன்னிலும் ஓர் ஒலி எழுப்பும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. பெரிய சைரன் ஒன்றும் இல்லை, ஆனால் கூச்சப்படப் போதும்.

பஸ்ஸில் ஏற்றி விமானத்தடியில் இறக்கும் இடங்களில் இந்தக் குழு ஒழுங்கெல்லாம் கலைந்துவிடும். முதலில் பஸ்ஸில் ஏறி உள்ளே தள்ளப்பட்டவர் கடைசியில் இறங்குவார், கதவோரம் நின்றவர் முதலில் படியேறுவார். முன், பின் என்று இரண்டு கதவும் திறந்திருந்தால் உங்கள் வரிசைக்கு எது கிட்டமோ அதில் ஏறுங்கள். 27-ஆம் வரிசைக்காரர் முன்கதவில் நுழைந்தால், பின்கதவில் ஏறியவர்களோடு நடுவில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது

ஒற்றை நடைபாதை விமானத்தில் ஏ-யும் எஃப்-பும் ஜன்னல், சி-யும் டி-யும் ஓரம், பி-யும் இ-யும் நடு. இரட்டை நடைபாதை விமானங்களில் எழுத்துகள் மாறும். இடையில் சில விடுபட்டும் இருக்கும். 1 என்ற எண்ணோடு குழம்பும் என்பதால் ‘ஐ’ எழுத்தைத் தவிர்ப்பார்கள். 13-ஆம் வரிசையே இல்லாத விமானங்களும் உண்டு. தேடிக் களைக்க வேண்டாம்.

ஜன்னலா ஓரமா என்ற பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு கிடையாது. தூங்குகிறவருக்குச் சாய ஒரு சுவர் வேண்டும். அடிக்கடி எழுகிறவருக்கு ஓரம் வேண்டும். ஓரத்தில் இருப்பவரின் தோளைத் தள்ளுவண்டி இடிக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் எழ வேண்டும் என்றால் இவரும் எழ வேண்டும். நடு சீட்டை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. அதனால் இரண்டு கைப்பிடியும் நடுவில் இருப்பவருக்கே என்பது என் கட்சி. ஜன்னல்காரருக்குச் சுவர், ஓரத்தவருக்குப் பாதை, இவருக்கு அதையாவது விடலாம்.

ஜன்னல் சீட் என்று சொல்லி ஜன்னலே இல்லாமலும் போகலாம். 737-ல் குளிரூட்டிக் குழாய் சுவருக்குள் ஏறும் இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது. ரயன்ஏர் விமானங்களில் 11ஏ இதற்குப் பேர்போனது. காசு கட்டி ஜன்னல் எடுப்பவர்கள் அந்த விமானத்தின் சீட் வரைபடத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் தாராளம். பதிலுக்கு, தேவைப்பட்டால் கதவைத் திறக்கும் உடல்வலுவும் பணியாளர் சொல்வதைப் புரிந்துகொள்ளும் திறனும் வேண்டும். குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை. இரண்டு அவசர வழி வரிசைகள் அடுத்தடுத்து இருந்தால் முன்வரிசை சீட் பெரும்பாலும் சாயாது. தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையிலும் கால் இடம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இந்த இரண்டு இடத்துக்கும் ஒரு விலை உண்டு. விமானம் மேலெழும்பும்போதும் தரையிறங்கும்போதும் காலடியில் பை வைக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். மடிக்கணினிப் பை உட்பட எல்லாம் மேலே போக வேண்டும். ஆக, பரண் தேவை மிக அதிகமுள்ள சீட்டுகள் இவைதான். கடைசிக் குழுவில் அவசர வழி சீட் கிடைத்தால் கால் சுகமாக இருக்கும், பை வேறெங்கோ இருக்கும்.

குலுக்கல் பயம் இருந்தால் இறக்கைக்கு அருகே உட்காருங்கள். விமானத்தின் எடை மையம் அங்கே இருப்பதால் மூக்கும் வாலும் ஆடுகிற அளவுக்கு அந்த இடம் ஆடாது. இன்ஜினுக்கு முன்னால் சத்தம் குறைவு. கடைசி வரிசையில் கழிவறைக் கூட்டம், சாயாத சீட், இறங்கும்போது கடைசி இடம். வேறு வழியில்லை என்றால் ஒழிய அதை நான் எடுக்க மாட்டேன்.

கால் இடத்துக்கு ‘பிட்ச்’ என்று ஓர் அளவு சொல்வார்கள். ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளிக்கு உள்ள தூரம் அது. எகானமியில் பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம். அதில் சீட் முதுகின் தடிமனும் அடக்கம் என்பதால், மெல்லிய முதுகுள்ள 29 சில சமயம் தடித்த முதுகுள்ள 31-ஐவிடத் தாராளமாக இருக்கும்.

பரணில் வைக்கும் முறை

பெட்டியைக் குறுக்கே வைக்காதீர்கள். சக்கரம் அல்லது கைப்பிடிப் பக்கம் முதலில் உள்ளே போகும்படி நீளவாக்கில் தள்ளுங்கள். மூடியில் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கச் சொல்லும் படம் ஒட்டியிருந்தால் அப்படியே செய்யுங்கள். ஒருவர் படுக்க வைத்துவிட்டாலே அந்த அறையில் ஒரு பெட்டிக்கான இடம் போய்விடும். கோட்டும் சிறு பையும் கடைசியில், எல்லோரும் ஏறிய பிறகு இடுக்கில் செருகலாம். சீட்டுக்கு அடியில் போகக்கூடிய எதையும் மேலே வைக்காமல் இருப்பதுதான் மற்றவர்களுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

உங்கள் தலைக்கு நேர் மேலே உள்ள இடம் உங்களுடையது என்று எந்த விதியும் இல்லை. இடமில்லை என்றால் கொஞ்சம் முன்னால் பாருங்கள். உங்கள் வரிசையைத் தாண்டிப் பின்னால் வைப்பதுபோன்ற தலைவலி வேறில்லை. இறங்கும்போது கூட்டம் முன்னோக்கி வரும், நீங்கள் எதிர்நீச்சல் போட முடியாது. பெட்டிக்காக எல்லோரும் இறங்கும்வரை காத்திருப்பீர்கள். அதேசமயம் 27-ஆம் வரிசைக்காரர் ஏறியவுடனே 5-ஆம் வரிசைப் பரணில் பெட்டியைப் போட்டுவிட்டுக் கைவீசி நடப்பது அநியாயம். அங்கே உட்கார வருகிறவர் பிறகு பெட்டியோடு பின்னால் போக நேரிடும்.

பெட்டியைத் தூக்கித் தருவது விமானப் பணியாளர்களின் வேலை இல்லை. தோள்பட்டைக் காயம் அவர்களுக்குத் தொழில் ஆபத்து. பல நிறுவனங்கள் தூக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன. தலைக்கு மேல் தூக்க முடியாத எடை என்றால் அது கைப்பெட்டி அல்ல, கீழேயே போட்டுவிடுங்கள்.

கேட்டிலேயே வாங்கிக்கொண்டால்

பரண் நிரம்பிவிட்டது என்று அறிவித்து, பெட்டிகளுக்கு அடையாளச் சீட்டு கட்டி வாங்கிக்கொள்வார்கள். அளவுக்கு உட்பட்ட பெட்டி என்றால் பெரும்பாலும் கட்டணம் இருக்காது. அளவு மீறியது என்றால் செக்-இன் கவுன்டரைவிட அதிகமாகவே கேட்பார்கள். எங்கே திரும்பக் கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில சிறிய விமானங்களில் இறங்கியவுடன் கதவருகே தருவார்கள், மற்றபடி கடைசி ஊரின் பெல்ட்டில்தான்.

கொடுப்பதற்கு முன் மருந்து, பாஸ்போர்ட், சாவி, பணம், கண்ணாடி ஆகியவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். பவர் பேங்கை எடுப்பது வசதிக்காக அல்ல, விதி. லித்தியம் பேட்டரி தனியாக இருந்தால் சரக்கு அறைக்குப் போகக்கூடாது. அங்கே தீப்பிடித்தால் கையால் அணைக்க ஆளில்லை. 100 வாட்-மணி (பேட்டரியின் கொள்ளளவு, Wh) வரை கேபினில் கொண்டுபோகலாம், 100 முதல் 160 வரை என்றால் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். இந்த எல்லாவற்றையும் ஒரு சிறு பையில் போட்டுப் பெட்டியின் மேல்புறத்திலேயே வைத்திருந்தால், பின்னால் இருபது பேர் நிற்கும்போது கேட் முன்னால் குந்தி உட்கார்ந்து துணிகளைக் கிளற வேண்டியிருக்காது.

பவர் பேங்கைப் பரணிலும் வைக்க வேண்டாம். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானத்தில் பரணுக்குள்ளிருந்துதான் தீ கிளம்பியது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள், விமானம் எரிந்துபோனது. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதே வருடம் மார்ச் 1 முதல் தென்கொரியா பவர் பேங்குகளைப் பரணில் வைக்கத் தடை விதித்தது. மூடிக்குள் புகைந்தால் யாருக்கும் தெரியாது. கையில் இருந்தால் சூடாகும்போதே தெரியும்.

ஆபத்தில் வெளியேறச் சொன்னால் பரணைத் திறக்கவே கூடாது. பாதிக் கதவுகள் மட்டும் திறந்தாலும் 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் ஒரு பெரிய பயணிகள் விமானத்துக்கு அனுமதி கிடைக்கும். அந்தச் சோதனையில் யாரும் பெட்டி எடுப்பதில்லை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பைகளை விட்டுவிட்டு வந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எப்போது எழுந்து நிற்கலாம்

பரணில் வைக்க வேண்டிய பெட்டி இருந்து, விமானமும் நிரம்பியிருந்து, உங்கள் குழு நடுவில் இருந்தால், குழுவைக் கூப்பிட்டதும் முன்னால் நிற்பது பயனுள்ளது. முதல் குழுக்களில் இருந்தால் நிதானமாகவே போகலாம். இரட்டை நடைபாதையுள்ள பெரிய விமானங்களில் பரண் பொதுவாகத் தாராளம். அங்கேயும் அவசரம் தேவையில்லை. சீட்டுக்கு அடியில் போகும் ஒரே ஒரு பையோடு வந்திருந்தால் வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். ஓர சீட் என்றால் இன்னும் நல்லது. ஜன்னல்காரரும் நடுவில் இருப்பவரும் உட்கார்ந்த பிறகு போய் உட்கார்ந்தால் யாருக்காகவும் எழ வேண்டாம்.

கடைசியாக ஏறுவதற்கும் ஓர் எல்லை உண்டு. டிக்கெட்டில் போட்டிருப்பது விமானம் கிளம்பும் நேரம். கேட் அதற்கு முன்பே மூடிவிடும், பல இடங்களில் 15, 20 நிமிடம் முன்பு. போர்டிங் பாஸில் கேட் மூடும் நேரம் தனியாக அச்சிட்டிருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையில் கடைசி நாலைந்து பேர் இருக்கும்போது எழுந்தால் போதும்.